ஜூன் 30-க்குப் பிறகு

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் கோபி, ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி என்று கொங்கு நாட்டு ஊர்களின் மண்டபங்கள் பதவியேற்பு விழாக்களால் நிறைந்துவிடும். ரோட்டரி, அரிமா (லயன்ஸ்) ஆகிய சேவைச் சங்கங்களுக்கு ஜூலை 1 அன்று ஆண்டு தொடங்கி, அடுத்த ஜூன் 30 அன்று முடிகிறது. அன்றோடு தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் பொறுப்பிலிருந்து இறங்க, புதியவர்கள் வருகிறார்கள். புதிய தலைவர் தம் ஆண்டில் செய்யவிருக்கும் பணிகளை மேடையில் அறிவிப்பார்: கண் சிகிச்சை முகாம், பள்ளிக்குக் கழிப்பறை, அரசு மருத்துவமனைக்கு டயாலிசிஸ் இயந்திரம், செயற்கைக் கால் வழங்குதல். அறிவித்தவற்றில் பெரும்பாலானவை நடந்தும் விடுகின்றன. எனக்குள்ள கவலை அந்த ஆண்டைப் பற்றியது அன்று. அதற்கு அடுத்த ஆண்டையும், அதற்கும் அடுத்த ஆண்டையும் பற்றியது. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு சங்கத்தின் உறுப்பினராக முகாம் வேலைகளையும் கணக்கு வேலைகளையும் நெடுநாளாகப் பார்த்து வருபவள் என்ற முறையில், இந்தச் சங்கங்கள் ஒரு பணியை எப்படித் தொடங்கி நடத்துகின்றன, எவை நிலைக்கின்றன, எவை நிலைக்காமல் போகின்றன என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

1905-இல் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் ரோட்டரியைத் தொடங்கினார். அதே நகரில் 1917-இல் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டுத் தொழில் செய்தவரின் முயற்சியால் அரிமா சங்கம் உருவானது. வெவ்வேறு தொழில் செய்பவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைப்பதுதான் ரோட்டரியின் மூல எண்ணம். அதன் பலன் என்னவென்பது எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பார்த்தால் விளங்கும். எங்கள் வாராந்தரக் கூட்டத்தில் ஆடிட்டர் இருக்கிறார், கட்டிட ஒப்பந்ததாரர் இருக்கிறார், மஞ்சள் மண்டி வைத்திருப்பவர், அச்சகம் நடத்துபவர், பல் மருத்துவர், நூல் வியாபாரி, பள்ளித் தாளாளர் இருக்கிறார்கள். ஒரு முகாம் என்று முடிவானால் நோட்டீஸ் அச்சகத்திலிருந்து வரும், பந்தலும் நாற்காலியும் ஒருவர் பொறுப்பு, வேன் இன்னொருவருடையது, மதியச் சோறு மற்றொருவர் வீட்டிலிருந்து. இவற்றுக்கெல்லாம் பணம் கொடுத்து வாங்குவதென்றால் ஒரு சிறிய சங்கத்தின் ஆண்டு நிதி ஒரே முகாமில் தீர்ந்துவிடும். பணத்தைவிட இந்தத் தொழில் அறிவும், ஊருக்குள் இவர்களுக்கு இருக்கும் அறிமுகமும்தான் ஒரு சங்கத்தின் உண்மையான மூலதனம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கண் சிகிச்சை முகாமையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதை நான் மிக அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். 1925-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த அரிமா மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசி, பார்வையற்றோருக்காக உழைக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கண் பணி அரிமாக்களின் முதன்மைப் பணியானது. நம் பக்கத்தில் அரிமா, ரோட்டரி என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாச் சங்கங்களும் அதைச் செய்கின்றன. பணி இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மருத்துவர்கள், கண் பரிசோதகர்கள், கருவிகள், அறுவை சிகிச்சை, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஆகியவை மருத்துவமனையின் பொறுப்பு. மக்களிடம் சொல்வது, இடம், மேசை நாற்காலி, தண்ணீர், சாப்பாடு, வரிசை ஒழுங்கு, தேர்வானவர்களை அனுப்பி வைப்பது ஆகியவை சங்கத்தின் பொறுப்பு.

இதில் நாள் குறிப்பதே ஒரு கலை. ஆடிப்பெருக்கு வாரத்திலும் முகூர்த்த நாளிலும் முகாம் வைத்தால் ஆள் வராது. மஞ்சள் வெட்டும் காலத்தில் வயதானவர்கள்கூடக் காட்டில் இருப்பார்கள். கடம்பூர், பர்கூர், தாளவாடி மலைப்பகுதி ஊர்களுக்கு நோட்டீஸ் ஒட்டிப் பயனில்லை. முந்தைய வாரமே யாராவது மேலே போய் ஊர்ப் பெரியவரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் பார்த்துச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியும் அனுப்பினால்தான் மக்கள் கீழே இறங்குவார்கள். அன்று பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் காலை எட்டு மணிக்கே வரிசை நின்றுவிடும். பெயர்ப் பதிவு, பார்வைச் சோதனை, கண் அழுத்தம், கண்ணீர்ப் பாதைச் சோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கடைசியாக மருத்துவரின் முடிவு என்று வரிசை நகரும். புரை முற்றி அறுவை தேவை என்று எழுதப்பட்டவர்களில் சிலர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கூடுதலாக இருப்பதால் நிறுத்தப்படுவார்கள். முதலில் அதைக் குறைத்துக்கொண்டு அடுத்த முகாமுக்கு வரச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், ஒரு சங்கத்தின் தரத்தை இந்தத் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பட்டியலை வைத்துத்தான் அளக்க வேண்டும். அறுவைக்காக மருத்துவமனைக்குப் போகும் பேருந்தில் ஏறியவர்களின் எண்ணிக்கை மறுநாள் நாளிதழில் வந்துவிடும். ஏறாமல் வீடு திரும்பியவர் மாத்திரை வாங்கினாரா, சர்க்கரை குறைந்ததா, அடுத்த முகாம் தேதி அவருக்குத் தெரியுமா என்று ஒருவர் தொலைபேசியில் கேட்காவிட்டால், அவர் அந்தப் புரையோடேயே இருந்துவிடுவார்.

சிலர் தாங்களாகவே ஏற மறுப்பார்கள். அந்தியூர்ப் பக்கத்து முகாம் ஒன்றில் ஒரு வயதான அம்மா, இரண்டு கண்ணிலும் புரை, அறுவைக்குத் தகுதி என்று எழுதிய சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, பேருந்தின் படியருகே நின்று ஏறாமல் யோசித்துக்கொண்டிருந்தார். "மாட்டை ஆரு அம்மணி கறக்கறது? வேற ஆளு போனா கிட்டவே உடாது" என்றார். வீட்டில் அவரும் ஒரு கறவை மாடும்தான். "ரெண்டு ராத்திரிதானுங்க ஆத்தா, பக்கத்து ஊட்டு அக்காகிட்டச் சொல்லி ஏற்பாடு பண்றோமுங்க" என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. எங்கள் உறுப்பினர் ஒருவர் பால் சொசைட்டியில் பொறுப்பில் இருந்தவர். அவர் அந்த ஊர்ச் சொசைட்டியில் பால் ஊற்றும் ஒருவரைப் பெயர் சொல்லி விசாரித்து, அந்தம்மாவின் எதிரிலேயே பேசி, காலையும் மாலையும் தானே வந்து கறப்பதாக அந்த ஆளின் வாயாலேயே சொல்ல வைத்தார். அதன் பிறகுதான் அந்தம்மா ஏறினார். மருத்துவமனையின் எந்தப் படிவத்திலும் இந்த வேலைக்கு ஒரு கட்டம் கிடையாது. ஆனால் இதைச் செய்யத்தான் உள்ளூர்ச் சங்கம் என்று ஒன்று வேண்டியிருக்கிறது. திரும்பி வந்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் சொட்டு மருந்து விட வேண்டும், விறகடுப்புப் புகையில் நிற்கக் கூடாது, மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். தனியாக இருப்பவர்களுக்குச் சொட்டு மருந்தை விட்டுவிடவும் ஒரு கை வேண்டும்.

பெண்கள் உறுப்பினர்களாக வந்த பிறகு இந்த முகாம்களில் ஒரு மாற்றம் ஏற்பட்டதை நான் கண்டிருக்கிறேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-இல் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, 1989-இல்தான் ரோட்டரி தன் விதிகளை உலகம் முழுவதற்குமாகத் திருத்திப் பெண்களுக்கு வாசலைத் திறந்தது. அரிமாக்கள் 1987-இலேயே திறந்துவிட்டார்கள். பதிவு மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால், கண்ணுக்கு வந்த பாட்டி தயங்காமல் மற்ற தொந்தரவுகளையும் சொல்வார். பள்ளிக் கழிப்பறைத் திட்டம் என்றால் கதவுக்கு உட்புறத் தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கினை எங்கே போடுவது என்ற கேள்விகள் திட்ட மதிப்பீட்டிலேயே வந்துவிடுகின்றன.

பெரிய பணிகளுக்கு வேண்டிய பணம் எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். உறுப்பினர் சந்தா சங்கத்தை நடத்தவே சரியாகப் போய்விடும். 1917-இல் ஆர்ச் கிளம்ப் என்ற ரோட்டரித் தலைவர், உலகில் நன்மை செய்வதற்கென ஒரு நிதியம் வேண்டும் என்று முன்மொழிந்தார்; மறு ஆண்டு கேன்சஸ் சிட்டி சங்கம் அனுப்பிய 26 டாலர் 50 சென்ட்தான் அதன் முதல் நன்கொடை. அதுவே இன்று ரோட்டரி அறக்கட்டளையாக வளர்ந்திருக்கிறது. உறுப்பினர்கள் ஆண்டு நிதிக்குக் கொடுக்கும் தொகை மூன்று ஆண்டுகள் முதலீட்டில் இருந்துவிட்டு, அதில் ஏறத்தாழப் பாதி, கொடுத்த ரோட்டரி மாவட்டத்தின் (ஒரு பகுதியிலுள்ள சங்கங்களின் தொகுப்பு) பயன்பாட்டுக்கே திரும்புகிறது. உலகளாவிய மானியம் என்ற வகைக்கு விண்ணப்பிக்க இரண்டு நாடுகளின் சங்கங்கள் கைகோக்க வேண்டும்; பணி நடக்கும் இடத்தில் ஒரு சங்கம், வெளிநாட்டில் ஒரு சங்கம். திட்டத்தின் மதிப்பு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். இரு மாவட்டங்களும் தங்கள் நிதியிலிருந்து ஒதுக்குவதற்கு ஏற்ப அறக்கட்டளையின் உலக நிதியும் ஒரு பங்கைச் சேர்க்கும். தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, கால முறைப்படி அறிக்கை என்று கட்டுப்பாடுகள் கறாரானவை. ஊதியம், மின்கட்டணம் போன்று இன்னொரு நிறுவனத்தின் அன்றாடச் செலவை இந்த மானியம் தாங்காது என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன். பின்னால் வருவதற்கு இது முக்கியம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இன்னொரு வழி. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நூற்பாலைகளும் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களும் பம்ப்செட் ஆலைகளும் நிறைந்த நம் பகுதியில் இந்த நிதி சிறிதன்று. பெரிய சங்கங்கள் தனி அறக்கட்டளை பதிவு செய்து, வருமான வரிச் சலுகைக்கான 80ஜி சான்றும் பெற்று, இந்த நிதியை முறையாக வாங்குகின்றன. வெளிநாட்டுப் பணம் நேராக அறக்கட்டளைக்கு வருவதென்றால் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றில் தொடங்கிய கணக்கில்தான் முதலில் வர வேண்டும். பெற்றதை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. இவ்வளவையும் ஒருவர் சம்பளம் வாங்காமல் இரவில் உட்கார்ந்து பார்த்துக்கொடுக்கிறார் என்பது மேடையில் அதிகம் சொல்லப்படுவதில்லை. எங்கள் பக்கத்து ஆடிட்டர்களுக்கு இந்த இடத்தில் என் நன்றியைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் பணம் கிடைப்பதும் பொருள் வாங்குவதும் பாதி வேலைதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமப் பள்ளிக்குச் சுத்திகரிப்புக் குடிநீர் இயந்திரம் ஒன்று கொடுக்கப்பட்டது. கொடுத்தது எங்கள் சங்கமன்று, எந்தச் சங்கம் என்று சொல்லவும் விரும்பவில்லை. திறப்பு விழாப் படத்தில் ரிப்பன் வெட்ட ஏறத்தாழ இருபது பேர் நிற்கிறார்கள். நான் போனபோது அதன் குழாய்கள் காய்ந்திருந்தன. உள்ளேயுள்ள மெம்பரேன் உப்புப் படிந்து அடைத்துப்போயிருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுந்த ஊர் என்பதால் வடிகட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும். அதற்குப் பள்ளியில் தனி நிதி இல்லை. இயந்திரத்தின் மேல் ஒட்டியிருந்த தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. கொடுத்த ஆண்டின் தலைவரை அழைத்தால், இப்போது பொறுப்பில் இருப்பவரைக் கேளுங்கள் என்கிறார். இப்போதைய தலைவருக்கு அப்படி ஒன்று கொடுத்ததே தெரியாது. பிள்ளைகள் பழையபடி வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். யாருடைய மனத்திலும் கெட்ட எண்ணம் இல்லை, செலவில் கள்ளம் இல்லை, ஆனாலும் கொடுத்த பொருள் வீணாகிவிட்டது. ஓராண்டுப் பதவி என்ற அமைப்பே இதற்கு வழிவைக்கிறது. ஆண்டுதோறும் தலைமை மாறுவதால் ஒருவரே சங்கத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் நிலை வராது, இளையவர்களுக்கு இடம் கிடைக்கும், அவையெல்லாம் நல்லவை. ஆனால் புதிய தலைவர் தம் பெயரில் புதியதொரு பணியைத் தொடங்கவே விரும்புவார். முன்னவர் தொடங்கியதைப் பழுது பார்ப்பதில் பெயர் இல்லை.

மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முன் பயனாளிகளிடமே தேவையைக் கேட்டறிந்து எழுத வேண்டும் என்று ரோட்டரி அறக்கட்டளை நிபந்தனை விதிப்பது இதனால்தான். நம்மில் பலர் அதை ஒரு காகித வேலையாகவே முடித்துவிடுகிறோம் என்பது எனக்கு வருத்தம். தலைமையாசிரியரோடு அரை மணி நேரம் பேசினால் போதாது. சத்துணவு அமைப்பாளரையும் தூய்மைப் பணியாளரையும் கேட்க வேண்டும். கழிப்பறை வேண்டுமா என்று கேட்டால் எல்லோரும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். இருக்கிற கழிப்பறை ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டால், தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் இல்லை, கழுவும் ஆளுக்குச் சம்பளம் வந்து பல மாதமாகிறது என்ற உண்மை வெளியே வரும். அந்த ஊருக்குத் தேவை மோட்டாரும் சம்பளமும், புதிய கட்டிடமன்று.

டயாலிசிஸ் பிரிவு இதைவிடக் கடுமையான பாடம். ஒரு நோயாளி வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை வர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். நிமிடத்துக்கு அரை லிட்டர் என்று கணக்கிட்டால் ஒரே அமர்வுக்கு 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். பயிற்சி பெற்ற டெக்னீசியன், மருத்துவரின் மேற்பார்வை, ரத்தத்தை வடிகட்டும் டயலைசர், ரத்தம் போய்வரும் பிளாஸ்டிக் குழாய்கள், ஊசி மருந்து, தடையில்லா மின்சாரம், இவற்றில் எது ஒன்று நின்றாலும் இயந்திரம் வெறும் பெட்டிதான். நான் மேலே குறித்தபடி மானியம் இயந்திரத்தை வாங்கித்தரும். டெக்னீசியனுக்குச் சம்பளம் தராது. ஆகவே மருத்துவமனையோடு எழுத்து ஒப்பந்தம் போட்டு, யார் எதற்குப் பொறுப்பு, எத்தனை ஆண்டுக்கு என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வரும் நோயாளிகளுக்கான தொகை எப்படி வந்து சேரும் என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். மாதம் நான்கு முறை நின்றுபோனாலும் பொறுத்துக்கொள்ளக்கூடிய பணி அன்று இது.

நிலைத்த பணி எது என்று என்னைக் கேட்டால் நம் ஊர் மயானங்களைக் காட்டுவேன். கொங்கு நாட்டின் பல நகரங்களில் உள்ளாட்சியின் எரிவாயு அல்லது மின் தகனமேடைகளை ரோட்டரி, அரிமா சங்கங்களின் அறக்கட்டளைகள் பராமரித்து வருகின்றன. இடம் நகராட்சியுடையது, நடத்துவது அறக்கட்டளை. தலைவர் மாறினாலும் அறங்காவலர்கள் மாறுவதில்லை. குறைந்த கட்டணம், அதற்கு ரசீது, எரிவாயு உருளை இருப்பு, உலை பழுதுபார்ப்பு, அமரர் ஊர்தி ஓட்டுநர், குளிர்பதனப் பெட்டி, இறப்புச் சான்றுக்கான பதிவேடு என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. கொரோனா இரண்டாம் அலையில் இந்த மேடைகள் இரவும் பகலும் அணையாமல் எரிந்ததையும், சொந்த உறவுகளே அருகில் வர அஞ்சிய நாட்களில் அங்கே வேலை செய்தவர்கள் உடல்களை இறக்கிவைத்ததையும் மறக்க முடியாது. அதே 2021-இல்தான் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகத்தில், ஈரோட்டு ரோட்டரியினர் முன்னின்று நன்கொடை திரட்டிப் படுக்கை வசதிகளோடு ஒரு புதிய கட்டிடத்தை மிகக் குறுகிய காலத்தில் எழுப்பிக் கொடுத்தார்கள். அவசரத்தில் விரைந்து செய்ய முடிந்ததற்குக் காரணம், ஆண்டுக்கணக்காக ஒருவரையொருவர் நம்பி வேலை செய்து பழகியிருந்ததுதான் என்று நினைக்கிறேன்.

போலியோ ஒழிப்பும் அப்படித்தான். 1979-இல் பிலிப்பைன்ஸ் நாட்டுக் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கத் தொடங்கிய ரோட்டரி, 1985-இல் அதை உலகப் பணியாக அறிவித்தது. 1988-இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் முதலியவற்றோடு சேர்ந்து ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது, 125 நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,50,000 குழந்தைகள் முடமாகிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவின் கடைசி நோயாளியான மேற்கு வங்கக் குழந்தைக்கு நோய் கண்டது 2011 ஜனவரியில். நம் நாடு போலியோ அற்றது என்ற சான்று 2014 மார்ச் 27 அன்று கிடைத்தது. பின்னாளில் ரோட்டரியின் உலகத் தலைவராக 2015-16-இல் இருந்த இலங்கைத் தமிழர் கே. ஆர். ரவீந்திரன், போர் நடந்த காலத்தில் யுனிசெஃபோடு சேர்ந்து இரு தரப்பிடமும் பேசி, சொட்டு மருந்து நாட்களில் துப்பாக்கிகளை ஓயவைத்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. சொட்டு மருந்து நாட்களில் நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் சங்க உறுப்பினர்கள் செய்ததெல்லாம் செவிலியர்களுக்குக் காலைச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது, மேசை போட்டது, சுண்டுவிரலில் மை வைத்த குழந்தையை எண்ணியது போன்ற சிறு வேலைகள்தான். எத்தனையோ தலைவர்கள் மாறியும் ஒரே வேலையை விடாமல் செய்தார்கள். ஒருவரும் அதைத் தம் ஆண்டின் திட்டம் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

எங்கள் சங்கத்தில் இப்போது ஒரு நடைமுறையைக் கொண்டுவந்திருக்கிறோம். முன்னாள் தலைவர், இந்நாள் தலைவர், அடுத்த ஆண்டுத் தலைவர் மூவரும் கையெழுத்திடாமல் பெரிய பணி எதையும் தொடங்குவதில்லை. கொடுத்த ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய பதிவேடு உண்டு: வாங்கிய தேதி, உத்தரவாதக் காலம், பழுது பார்ப்பவரின் எண், பயன்படுத்தும் இடத்தில் பொறுப்பாளர் யார், கடைசியாக யார் போய்ப் பார்த்தார். திட்ட மதிப்பீட்டிலேயே மூன்றாண்டுப் பராமரிப்புச் செலவைச் சேர்க்கிறோம். அதனால் பத்துப் பள்ளிக்குக் கொடுக்கக்கூடிய பணம் ஆறு பள்ளிக்குத்தான் வருகிறது. இதைக் கூட்டத்தில் ஏற்றுக்கொள்ள வைப்பது எளிதாக இல்லை. இன்னும் சிலருக்கு மனத்தாங்கல் இருக்கிறது. பயனாளியை மேடையேற்றி, தையல் இயந்திரத்தோடு நிறுத்திப் படமெடுப்பதை விட்டுவிட வேண்டும் என்ற என் கோரிக்கை மட்டும் இன்னும் நிறைவேறவில்லை. வாங்குபவர் நம் ஊர்க்காரர். மறுநாள் அவர் பிள்ளை அந்தப் படத்தை வகுப்புத் தோழர்களின் கைப்பேசியில் பார்க்கும். வரும் ஜூலைக்கு முந்தைய நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை மறுபடியும் எழுத்தில் கொடுக்கவிருக்கிறேன். கூடவே, கடந்த ஐந்து ஆண்டுகளில் கொடுத்த குடிநீர் இயந்திரங்களையெல்லாம் நேரில் போய்ப் பார்த்து வர இளைஞர் பிரிவான ரோட்டராக்டிலிருந்து ஆள் கேட்டிருக்கிறேன்.